சீஸ்கேக் குறிப்பில் திருத்த வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் சமையல் பக்கத்தில் அமெரிக்க முறைச் சீஸ்கேக்குக்கான குறிப்பு வெளியாகியிருந்தது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். இதழில் வரும் சமையல் குறிப்பை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்து, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போது செய்து பார்க்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கிரீம் சீஸ் விலை கூடிய பொருள். அதை வாங்கி, குறிப்பில் கண்டபடியே செய்து, வெடித்துப் பிளந்து மணல்மணலாக வந்தால் செய்தவருக்குத் தன் கைமேல்தான் சந்தேகம் வரும். இந்தக் குறிப்பில் இருக்கும் பிழைக்குச் செய்பவர் கை காரணமில்லை.

முதலில் உடனே திருத்த வேண்டியது. இரண்டாவது முறையாக, முட்டை சேர்க்காமல் குளிர வைத்துச் செய்யும் சீஸ்கேக்கைச் ‘சைவம்’ என்ற பச்சைப் புள்ளியுடன் போட்டிருக்கிறீர்கள். அதில் 2 தேக்கரண்டி ஜெலட்டின் இருக்கிறது. ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. விரதம் இருக்கும் வீடுகளிலும் சுத்த சைவ வீடுகளிலும் பச்சைப் புள்ளியை நம்பித்தான் செய்வார்கள். அதற்குப் பதில் கடல் பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் போட வேண்டும். அதை எப்படிக் கலப்பது என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறோம், ஏனென்றால் ஜெலட்டின் அளவையே அகருக்கும் வைத்தால் கேக் ரப்பராகிவிடும்.

அடுத்தது வெப்ப அளவு. ‘325 டிகிரியில் 50 நிமிடம்’ என்று மட்டும் இருக்கிறது. அது பாரன்ஹீட். செல்சியஸில் 163. நம் வீட்டு ஓடிஜிகளில், அதாவது மேடைமேல் வைக்கும் சிறு மின் அடுப்புகளில், பெரும்பாலானவை 250 டிகிரி செல்சியஸ் வரைதான் காட்டும். 325 என்று படித்தவர் குமிழைக் கடைசி வரை திருப்பி வைப்பார், அரை மணி நேரத்தில் மேல்பக்கம் கருகி உள்பக்கம் கூழாக நிற்கும். அமெரிக்கக் குறிப்பு எதை எடுத்துப் போட்டாலும் பாரன்ஹீட்டைச் செல்சியஸாகவும், கப்பைக் கிராமாகவும் மாற்றித்தான் போட வேண்டும். அவர்கள் ஒரு கப் என்பது ஏறக்குறைய 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் எதுவும் அந்த அளவில்லை. அவர்கள் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்பது 113 கிராம்; நீங்கள் அதை ‘ஒரு வெண்ணெய்க் கட்டி’ என்று போட்டிருக்கிறீர்கள், கடையில் 100 கிராம் கட்டியும் உண்டு, 500 கிராம் கட்டியும் உண்டு.

மூன்றாவது, பல்குச்சி. நடுவில் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வாழைப்பழக் கேக்குக்கு அது சரி. சீஸ்கேக் பெயரில்தான் கேக். செய்முறையில் அது முட்டையால் இறுகும் பால் பண்டம். கீழக்கரைப் பக்கம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைக்கும் வட்டிலப்பத்துக்குத்தான் அது நெருங்கிய உறவு. மைதா மாவு வெந்து எழும்பி நிற்பது அங்கே நடப்பதில்லை. முட்டையின் புரதம் மெல்லச் சூடேறி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கிரீம் சீஸின் நீரையும் கொழுப்பையும் பிடித்து வைக்கிறது. நடுப்பகுதி 65 முதல் 68 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும், ஆற ஆறத் தானே இறுகும். 71-ஐத் தாண்டும்போது அந்தப் பின்னல் சுருங்க ஆரம்பிக்கிறது. சுருங்கினால் நீர் கசியும், வாயில் திப்பி தட்டும், மேலே கோடு விழும். பல்குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருப்போம். ஆகவே வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: டின்னின் பக்கத்தை லேசாகத் தட்டுங்கள். ஓரம் அசையாமல், நடுவில் 6 செ.மீ. அகல வட்டம் மட்டும் ஒரே திரளாக ஆடினால் அடுப்பை அணைத்துவிடலாம். அலை அலையாகத் தளும்பினால் இன்னும் 5 நிமிடம். குத்திப் பார்க்கும் வெப்பமானி கையில் இருந்தால் யோசனையே வேண்டாம், 66-ல் நிறுத்துங்கள்.

நான்காவது, கிரீம் சீஸுக்குப் பதிலாக ‘பனீரையும் சீஸ் ஸ்பிரெட்டையும் சமமாக’ மிக்ஸியில் அரைக்கச் சொல்லியிருப்பது. இது நடக்காது, காரணமும் சொல்கிறோம். பனீர் என்பது கொதித்த பாலில் புளிப்பு விட்டுத் திரித்தது. சூட்டிலேயே திரிவதால் புரதம் கட்டியாக இறுகிவிடுகிறது. எவ்வளவு அரைத்தாலும் பொடிப்பொடித் துகள்தான் கிடைக்கும், குழையாது. சீஸ் ஸ்பிரெட்டில் உப்பும், உருக்கிக் குழைப்பதற்கான உப்பு வகைகளும் சேர்ந்திருக்கின்றன. அடுப்பில் வைத்தால் பசைபோல ஆகும், சர்க்கரையோடு அந்த உப்பு ருசி ஒத்தும் போகாது. கிரீம் சீஸ் வேறு வகை. பாலும் கிரீமும் சேர்ந்த கலவையை உறை குத்தி, மெல்லப் புளிக்க வைத்து வடிப்பது. 1870-களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். 1880-ல் அது பிலடெல்பியா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிலடெல்பியா ஊர்ப் பால்பொருளுக்கு இருந்த நல்ல பெயருக்காக வைத்தது, அங்கே செய்ததற்காக அல்ல. அமெரிக்க அரசின் அளவுகோல்படி கிரீம் சீஸில் பால் கொழுப்பு குறைந்தது 33 சதவீதம், ஈரம் அதிகபட்சம் 55 சதவீதம் இருக்க வேண்டும். சீஸ்கேக் நாக்கில் கரைவது அந்தக் கொழுப்பால்தான். கொழுப்புக் குறைந்த எதைப் போட்டாலும் அது வேறு பண்டமாகிவிடும்.

கிரீம் சீஸ் கிடைக்காத ஊர்களுக்கு வழி இருக்கிறது, பனீர் வழியாக அல்ல, தயிர் வழியாக. ஆரஞ்சு நிற உறையில் வரும் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் பால் 1 லிட்டரை 85 டிகிரிவரை, அதாவது ஓரத்தில் பொங்கத் தொடங்கும்வரை, காய்ச்சிக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் 200 மில்லியை அதில் கலந்து, புளிக்காத தயிர் 1 மேசைக்கரண்டி விட்டு உறை ஊற்றுங்கள். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் 4 மணி நேரத்தில் தோய்ந்துவிடும், மார்கழியில் 7 மணி நேரம்கூட ஆகலாம். தோய்ந்த உடனே, புளிப்பு ஏறுவதற்கு முன், குளிர்பெட்டியில் 2 மணி நேரம் வைத்துப் பிறகு சுத்தமான மல் துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள்ளேயே ஒரு பாத்திரத்தின் மேல் 12 மணி நேரம் வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெப்பத்தில் புளித்து, கேக்கில் மோர் வாடை வந்துவிடும். கடைசி 2 மணி நேரம் மேலே கனமான ஒரு கிண்ணத்தை ஏற்றுங்கள். 350 முதல் 400 கிராம் கிடைக்கும், கொழுப்பு 28 சதவீதத்துக்கு அருகில் இருக்கும். கீழே சொல்லும் 500 கிராமுக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடைச் சீஸை விடச் சற்றுத் தளர்வாக இருப்பதால், கீழே சொல்லும் அளவில் சோளமாவை (கார்ன்ஃபிளார்) மட்டும் 1 மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய நன்றாக இருக்கும்.

இனி சரியான அளவு. இது 18 செ.மீ. விட்டமுள்ள, பக்கம் கழலும் டின்னுக்கு. 8 பேருக்குப் போதும்.

அடித்தட்டுக்கு டைஜெஸ்டிவ் பிஸ்கட் 120 கிராம், உருக்கிய உப்பில்லா வெண்ணெய் 50 கிராம். மாரி பிஸ்கட் என்றால் அதில் கொழுப்புக் குறைவு, வெண்ணெய் 65 கிராம் வேண்டும். இதைச் சொல்லாமல் ‘ஏதாவது ஒரு பிஸ்கட்’ என்று போட்டதால்தான் பலருக்கும் அடித்தட்டு உதிர்ந்து போகிறது. பிஸ்கட்டை ரவை பதத்துக்குப் பொடித்து, வெண்ணெயுடன் பிசறி, டின்னில் தட்டையான கிண்ணத்தின் அடியால் அழுத்தி, 170 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சுட்டு ஆற வையுங்கள். சுடாமல் விட்டால் மேலே ஊற்றும் கலவையின் ஈரம் இறங்கி நமுத்துவிடும். பிஸ்கட் அடித்தட்டு இல்லாவிட்டால் அது அமெரிக்கச் சீஸ்கேக்கே இல்லை என்று குறிப்பில் ஒரு வரி இருந்தது, அதுவும் சரியில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் 1950 முதல் நடக்கும் ஜூனியர்ஸ் உணவகத்தில் அடித்தட்டு மெல்லிய ஸ்பாஞ்ச் கேக்தான்.

கலவைக்குக் கிரீம் சீஸ் 500 கிராம், சர்க்கரை 130 கிராம், புளிக்காத கெட்டித் தயிரை 2 மணி நேரம் வடித்து எடுத்தது 120 கிராம், சோளமாவு 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, எலுமிச்சைத் தோல் துருவல் அரைத் தேக்கரண்டி. முட்டை, ஓடு நீக்கி 120 கிராம். அமெரிக்கக் குறிப்பு சொல்லும் பெரிய முட்டை ஓடு நீக்கி 50 கிராம் வரும், நம் கடை முட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. எண்ணிக்கையை நம்பாமல் தராசில் வையுங்கள். ஒரு மஞ்சள் கரு கூடுதலாக இருந்தால் நல்லது, வெள்ளைக் கரு கூடினால் கேக் விறைக்கும்.

சீஸை எவ்வளவு நேரம் வெளியில் எடுத்து வைப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு வேண்டும். அமெரிக்கக் குறிப்பில் ‘அறை வெப்பத்துக்கு வரும்வரை 2 மணி நேரம்’ என்று இருக்கும். அவர்கள் அறை 21 டிகிரி. காரைக்குடியில் மே மாதத்து அடுப்படி 35-க்குக் குறையாது. இங்கே 30, 40 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது. அப்படிக் கசிந்துவிட்டால் 15 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தொடருங்கள். சில்லென்ற சீஸை அடித்தாலோ கட்டி தட்டும். முட்டை சேர்த்துக் கலவை நீர்த்த பிறகு அந்தக் கட்டியை எந்தப் பீட்டராலும் உடைக்க முடியாது, கட்டியை நசுக்கிக் கரைப்பதை முட்டை சேர்க்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

சீஸையும் சர்க்கரையையும் குறைந்த வேகத்தில் 2 நிமிடம் குழையுங்கள். பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து மறுபடி ஒரு நிமிடம். தயிர், சோளமாவு, உப்பு, எசன்ஸ், தோல் துருவல் சேர்த்துக் கலந்து, கடைசியாக முட்டையை மூன்று தடவையாக விட்டு, ஒவ்வொரு தடவையும் மஞ்சள் மறைந்ததும் நிறுத்துங்கள். இந்த இடத்தில் வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ்கள் அடைபடும். அடுப்பில் அவை விரிந்து கேக்கை மேலே தூக்கும், ஆறும்போது கேக் அமிழ்ந்து வெடிக்கும். மேலே கோடு விழுவதற்கு மிகையான சூடு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். மிக்ஸி ஜாரில் ஒரேயடியாக எல்லாவற்றையும் போட்டு ஓட்டச் சொல்வது இதனால்தான் தவறு. கிரீம் சீஸ் நீர்த்தும் போகும், காற்றும் ஏறும். வீட்டில் வடித்த சீஸை மட்டும், அதுவும் முட்டை சேர்ப்பதற்கு முன், மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி நான்கைந்து சுற்று விடலாம். சோளமாவு எதற்கு என்று கேட்பார்கள்: அதன் மாவுச்சத்து முட்டைப் புரதங்கள் அளவுக்கு மீறி இறுகாமல் இடையில் நிற்கிறது. ஓடிஜியின் வெப்பம் ஏறி இறங்கினாலும் கேக் திரியாமல் காப்பது அதுதான். கலவையைச் சல்லடையில் வடிகட்டி ஊற்றி, டின்னை மேடையில் நான்கு தட்டுத் தட்டுங்கள். மேலே வரும் குமிழ்களைக் குச்சியால் உடைத்துவிடுங்கள்.

தண்ணீர்த் தட்டில் வைத்துச் சுடுவதைக் குறிப்பில் ‘விருப்பப்பட்டால்’ என்று போட்டிருந்தீர்கள். சிறிய ஓடிஜியில் அது கட்டாயம். கம்பிகள் டின்னுக்கு மிக அருகில் இருப்பதால் ஓரம் முதலில் வெந்து தடித்துவிடும், நடு பின்தங்கும். சுற்றிலும் வெந்நீர் இருந்தால் டின்னின் பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. கழலும் டின்னில் அடியில் நீர் கசியும் என்ற பயம் நியாயமானது, அலுமினியத் தாள் இரண்டு சுற்றுச் சுற்றினாலும் மடிப்பு வழியே சில நேரம் ஏறிவிடும். டின்னைவிட ஒரு விரல் பெரிய சாதாரண அலுமினிய டின்னுக்குள் இதை இறக்கி, அந்த இரண்டையும் சேர்த்துத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். தண்ணீர் கொதித்ததாக இருக்க வேண்டும், 2.5 செ.மீ. உயரம் போதும். கீழ் அடுக்கில், இரண்டு கம்பியும் எரிய, விசிறி இல்லாமல், 160 டிகிரி செல்சியஸில் 55 முதல் 65 நிமிடம். அரை மணி நேரத்துக்குப் பிறகு மேலே நிறம் ஏறினால் அலுமினியத் தாளைக் கலவையில் படாமல் கூரைபோல மூடுங்கள். ஓடிஜியின் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் எல்லாப் பலகாரத்துக்கும் உதவும்.

வெந்தவுடன் வெளியே எடுத்து ‘ஆறியதும் துண்டு போடவும்’ என்ற வரியோடு குறிப்பு முடிகிறது. பாதி வேலை அதன் பிறகுதான். அடுப்பை அணைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். பிறகு எடுத்து மெல்லிய கத்தியை ஓரத்தைச் சுற்றி ஓட்டுங்கள். ஆறும்போது கேக் உள்நோக்கிச் சுருங்கும், ஓரம் டின்னில் ஒட்டியிருந்தால் நடுவில் பிளந்துகொள்ளும். இன்னும் 30 நிமிடம் மேடையில். அதற்கு மேல் வெளியில் வேண்டாம். குளிர்பெட்டியில் குறைந்தது 8 மணி நேரம், முதல் 2 மணி நேரம் மூடாமல், பிறகு மூடி. சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து மேலே சொட்டும். சீஸின் கொழுப்பு குளிர்ந்து உறைந்த பிறகுதான் துண்டு நிற்கும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒரு வெட்டு, மறுபடி முக்கித் துடைத்து அடுத்த வெட்டு.

பரிமாறும் இடத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் பக்கக் கல்யாணங்களில் இனிப்பு மேசையில் சிறு குவளைகளில் சீஸ்கேக் வைப்பது பரவிவருகிறது. முட்டையும் பாலும் சேர்ந்த பண்டத்தை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் எங்கள் ஊர்ப் பந்தலுக்குள் 32 என்பது காலை 9 மணிக்கே தாண்டிவிடும். ஆகவே இங்கே எப்போதும் ஒரு மணி நேரக் கணக்குதான். வீட்டு முகப்பிலோ பட்டாலை என்னும் கூடத்திலோ மேசை போட்டால் ஐஸ் நிரப்பிய தட்டின் மேல் குவளைகளை வைத்து, 20, 20 ஆக எடுத்து வாருங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோவதாக இருந்தால் முதல் நாள் இரவு உறைபெட்டியில் கெட்டியாக்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே வையுங்கள். மின்தடை வந்தால் குளிர்பெட்டிக் கதவைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் சீஸ்கேக்கைக் கொட்டிவிடுவதுதான் சரி, மனம் எவ்வளவு வலித்தாலும்.

ஓடிஜி இல்லாத வீடுகளுக்குக் குக்கரில் மணல் பரப்பிச் சுடும் முறையைச் சொல்லியிருந்தீர்கள். அந்தச் சூடு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரணக் கேக் தாங்கும், சீஸ்கேக் தாங்காது. இட்லிப் பானை இருக்கிறதே. ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது, ஈரமும் உண்டு, சீஸ்கேக்குக்கு அதைவிடப் பொருத்தமான அடுப்பு எங்கே கிடைக்கும்? கழலும் டின் வேண்டாம், ஆவி உள்ளே புகுந்துவிடும். சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் அடித்தட்டை அழுத்தி, கலவையை ஊற்றி, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளால் மூடி, பானை மூடிக்குத் துணி கட்டி, தண்ணீர் கொதித்த பின் தீயை நன்றாகக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். தீ எரிந்தால் ஓரம் பொங்கி ஓட்டை ஓட்டையாகிவிடும். அணைத்து 20 நிமிடம் மூடியபடியே விட்டு எடுங்கள். அடித்தட்டு ஓடிஜியில் சுட்டதுபோல மொறுமொறுப்பாக இருக்காது. பிஸ்கட் பொடியை வெண்ணெயோடு வாணலியில் சிவக்க வறுத்துப் போட்டால் ஓரளவு நிற்கும். கிண்ணத்தோடே பரிமாறலாம்.

அகர் அகர் முறை. எங்களுக்குப் பக்கத்திலேயே, இராமநாதபுரம் மாவட்டத்து மன்னார் வளைகுடாக் கடலில், அகர் எடுக்கும் பாசி கிடைக்கிறது. சைவ வீடுகளுக்கு இது பொருந்தும் என்பதோடு வெயிலுக்கும் இதுவே பொருந்தும். ஜெலட்டின் 30, 35 டிகிரியிலேயே இளகிவிடும். மதியப் பந்தியில் தட்டில் வழியும். அகர் ஒரு தடவை இறுகினால் 85 டிகிரிவரை உருகாது. 400 கிராம் கிரீம் சீஸ், 120 கிராம் பொடித்த சர்க்கரை, 150 மில்லி கிரீமுக்கு அகர் பொடி 3 கிராம், அதாவது ஏறக்குறைய 1 தேக்கரண்டி, போதும். அதை 150 மில்லி தண்ணீரில் தூவி, 5 நிமிடம் ஊற விட்டு, கிளறிக்கொண்டே 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும். கொதிக்காவிட்டால் இறுகாது. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பின்தான். புளிப்போடு கொதித்தால் அகர் வலுவிழக்கும். எல்லோரும் சறுக்கும் இடம் அடுத்தது. அகர் 40 டிகிரிக்கு இறங்கியதுமே இறுகத் தொடங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சீஸில் ஊற்றினால் நூல் நூலாகத் திரண்டு போகும். சீஸ் கலவைப் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி இளஞ்சூடாக்கிவிட்டு, சூடான அகரை மெல்லிய தாரையாக விட்டுக் கலந்து, உடனே டின்னில் ஊற்றிவிட வேண்டும். நின்று யோசிக்க நேரம் இல்லை.

வரும் வாரங்களில் கீ லைம் பையும் பூசணிப் பையும் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பை (pie) என்பது மாவு ஓட்டுக்குள் கலவையை ஊற்றிச் செய்யும் அமெரிக்க இனிப்பு. அவை அச்சேறுவதற்கு முன் சில சொல்லிவிடுகிறோம்.

கீ லைம் என்று அமெரிக்கர் சொல்வது வேறெதுவும் இல்லை, நம் எலுமிச்சைதான். அதே இனம். அவர்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது விதையில்லாத பெரிய பச்சை வகை; வாசனை மிகுந்த இந்தச் சிறு பழத்தைத் தேடித்தான் வாங்க வேண்டும். எங்கள் ஊர்களில் வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கிறது. ஆகவே ‘கீ லைம் கிடைக்காவிட்டால்’ என்று மாற்று எதுவும் எழுதாதீர்கள். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க்குக்கு 120 மில்லி சாறு, 4 மஞ்சள் கரு, பச்சைத் தோல் துருவல் 2 தேக்கரண்டி. தோலின் வெள்ளைப் பகுதி விழுந்தால் கசக்கும். புளிப்புப் பட்டதும் பாலின் புரதம் தானே கெட்டிப்படும், அதனால் அடுப்புக்குப் போகும் முன்பே கலவை தடிப்பாக நிற்கும். திரிந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். பித்தளை, அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வரோ கண்ணாடியோ வேண்டும். மஞ்சள் கரு பச்சையாக நிற்காமலிருக்க 170 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சுட வேண்டும். முட்டை சேர்க்காத வீடுகளில் அதே கலவையை மஞ்சள் கரு இல்லாமல் 6 மணி நேரம் குளிர வைத்தாலே, சற்று இளக்கமாக, நிற்கும். பச்சை நிறம் சேர்க்கச் சொல்லாதீர்கள். 2006-ல் தன் மாநிலப் பையாக இதை அறிவித்த புளோரிடாவில் இதன் நிறம் வெளிர் மஞ்சள்.

பூசணிப் பைக்குப் பரங்கிக்காய் என்றே அச்சிடுங்கள், இல்லாவிட்டால் வெண்பூசணியை வாங்கி வந்துவிடுவார்கள். நன்றாகப் பழுத்த பரங்கியைத் தண்ணீர் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்து மசித்து, அடிகனமான வாணலியில் ஈரம் வற்றும்வரை கிளற வேண்டும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். அப்படி வற்றியது 425 கிராம். நீர்ப்பரங்கியை அப்படியே போட்டால் பை ஒருநாளும் இறுகாது. அமெரிக்கக் குறிப்பில் வரும் எவாப்பரேட்டட் மில்க் 355 மில்லிக்குக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. 1 லிட்டர் பாலை 450 மில்லியாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, அதிலிருந்து அளந்து எடுக்கலாம். சர்க்கரை 150 கிராம், முட்டை 2, பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, சுக்குத் தூள் அரை, கிராம்புத் தூள் கால், உப்பு அரைத் தேக்கரண்டி. இதுவும் முட்டையால் இறுகும் பண்டம்தான்: 220 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், பிறகு 175-க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம், நடுவில் சிறு வட்டம் ஆடும்போதே நிறுத்த வேண்டும்.

பைக் கலவையைத் தாங்கும் மாவு ஓட்டுக்கு மைதா 180 கிராம், வெண்ணெய் 110 கிராம், ஐஸ் தண்ணீர் 40 மில்லி. வெண்ணெய் மாவுக்குள் துண்டு துண்டாக, உருகாமல் இருந்தால்தான் அடுப்பில் அடுக்கடுக்காக வரும். எங்கள் ஊர் அடுப்படியில் அது கையிலேயே உருகிவிடும். வெண்ணெயை உறைபெட்டியில் கல்லாக்கி, காய்த் துருவியில் துருவி, மாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் குளிர வைத்து, விடியற்காலையில் பிசையச் சொல்லுங்கள். இடையில் இளகினால் 20 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தேய்க்கலாம். இந்தக் குறிப்பு பங்குனியிலிருந்து ஆவணிக்குள் வெளியாவதாக இருந்தால் மாவு ஓட்டுக்குப் பதில் பிஸ்கட் அடித்தட்டையே கொடுத்துவிடுங்கள். பரங்கிக் கலவை நீர்த்தது என்பதால் அந்த அடித்தட்டை 10 நிமிடம் சுட்டு, சூடாக இருக்கும்போதே முட்டை வெள்ளைக்கருவை மெல்லப் பூசி இன்னும் 2 நிமிடம் அடுப்பில் காட்டினால் ஈரம் இறங்காது. கீ லைம் பைக்கு மஞ்சள் கரு எடுத்த பின் மிஞ்சும் வெள்ளைக்கரு இதற்கு உதவும்.

இப்படிக்கு,
வீட்டுக் கேக் தயாரிப்பாளர்கள் சிலர்,
காரைக்குடி.